கஜேந்திரனியின் நெற்றிப் பொட்டு

அத்தியாயம் ஆறு

கலாநிதி கஜேந்திரனின் பங்களாவில் வருகிறவர்களை முதலில் வரவேற்பது கலாநிதி கஜேந்திரன் அல்ல, அவருடைய அங்கி.

கூடத்தின் நடுவில் தையல்கடைப் பொம்மை ஒன்று நின்றது. தலை கிடையாது. அதற்குச் சிவப்புப் பட்டமளிப்பு அங்கியைப் போர்த்தி, உச்சியில் குஞ்சம் தொங்கும் கறுப்புத் தொப்பியை வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டையும் மாட்டியிருந்தார்கள். எந்த நாட்டிலோ, எந்தத் துறையிலோ, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மட்டுமே தெரிந்த காரணத்துக்காகப் போன மாதம் கிடைத்த கௌரவ டொக்டர் பட்டம்; 'கலாநிதி' அங்கிருந்து வந்ததுதான்.

"மிஸ், தொப்பி எடுப்பா நிக்குது பாத்தீங்களா? உள்ளுக்குத் தலை இருக்கிற மாதிரியே," என்றான் சுதாகரன்.

"வீட்டுக்காரருக்கு இருக்கான்னு முதல்ல பாப்போம். வா," என்றாள் இசபெல்.

இசபெல்லின் அலுவலகம் ஹட்டனில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. பலகையில் 'துப்பறியும் நிலையம்' என்றிருந்தாலும் வயிற்றை நிரப்பியது மாப்பிள்ளை விசாரணைதான். கட்டாரில் எஞ்சினியர் என்று வந்தவன் அங்கே கார் கழுவுகிறான் என்பதையும், 'ஒரே தங்கச்சி' என்று போட்டோவில் பக்கத்தில் நின்றவள் முதல் மனைவி என்பதையும் அவள் கண்டுபிடித்துச் சொன்ன கதைகள் நோர்வூட்டிலிருந்து டயகம வரை பரவியிருந்தன. கார் கழுவுவதில் அவளுக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை. எஞ்சினியர் என்று சொன்னால்தான் பற்றிக்கொண்டு வரும். சுதாகரன் அவளுடைய ஆட்டோவின் சாரதி, உதவியாளன், வாய்.

"வாருங்கள், துப்பறியும் அம்மையாரே!" உள்ளறையிலிருந்து மேடைக் குரல் வந்தது. "ஆசியாக் கண்டமே இழந்து தவிக்கும் ஒரு பொக்கிஷத்தை மீட்டெடுக்கும் பெரும் பணி உங்கள் தோள்களில் விழுந்திருக்கிறது."

"ஆசியாவுக்குச் சொல்லிட்டீங்களா சேர், அது தவிக்குதுன்னு?" என்றான் சுதாகரன்.

கஜேந்திரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேசையில் குவிந்து கிடந்த, வரப்போகும் விழாவுக்கான அழைப்பிதழ்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பட்டம் கிடைப்பதற்கு முன்பே அச்சடித்துவிட்ட அட்டைகள். ஒவ்வொன்றிலும் தன் பெயருக்கு முன்னாலிருந்த 'திரு' மீது, எழுத்துப் பிழையை மறைக்கிற வெள்ளை மையைச் சின்னத் தூரிகையால் பூசி, ஊதிக் காயவைத்து, மேலே 'கலாநிதி' என்று எழுதினார். ஊதும்போது கன்னம் இரண்டும் உப்பின. மீன் மாதிரியே இருந்தார்.

விஷயம் இதுதான். இந்தப் பங்களா தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். கஜேந்திரன் அதைக் குத்தகைக்கு எடுத்து உல்லாசப் பயணிகளுக்கு விடுகிறார். கீழே வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிற தோட்டத் தொழிலாளர்கள் குளிப்பதும் குடிக்க அள்ளுவதும் மலையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய ஒரே ஒரு பீலியில். அந்தப் பீலிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இவர் ஒரு மீனைக் கண்டுபிடித்தார். விரல் நீளம்கூட இல்லாத சிவப்பு வால் மீன். உலகமே இதுவரை பார்த்திராத புது இனம் என்று பத்திரிகைக்குச் சொன்னார். பள்ளம் வற்றி மீன்கள் செத்ததும், மறுபடி தோன்றும் வரை மனித வாடையே படக்கூடாதென்று பீலியைச் சேர்த்து வேலி போட வைத்தார். வேலிக்கு அப்பால் குளியல் தடாகம் கட்டும் வரைபடம் அதே மேசையில், அழைப்பிதழ்களுக்கு அடியில் கிடந்தது. தடாகத்தில் மனித வாடை அடிக்காது போலும்.

"ஒரே ஒரு மாதிரி மட்டும் ஸ்பிரிட்டில் பாதுகாக்கப்பட்டது. கண்ணாடிப் போத்தல். அரக்கு வைத்து என் மோதிர முத்திரையை இட்டேன். இன்று மதியம் பல்கலைக்கழகத்திலிருந்து கலாநிதி ஷாமிலா வருகிறார், பரிசோதிக்க. பத்திரிகையாளர் வருகிறார்கள். அலுமாரியைத் திறந்தால் போத்தலைக் காணோம்!"

"மீனுக்குப் பேரு வச்சாச்சுங்களா?" என்றாள் இசபெல்.

"அப்லோகைலஸ் கஜேந்திரனி."

"கஜேந்திரனியா? மேடமோட பேருங்களா சேர்?" என்றான் சுதாகரன்.

"என் பெயர்! இலத்தீன் இலக்கணப்படி அப்படித்தான் வரும்!"

"இலத்தீன்ல போனா ஆம்பள பொம்பளையாயிருவாங்களா?"

கஜேந்திரன் எழுந்து சுவரில் பெரிதாக்கி மாட்டியிருந்த பத்திரிகைப் படத்தைத் தட்டிக் காட்டினார். பக்கவாட்டில் கிடந்த மீன். உச்சந்தலையில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"இதுதான் குல முத்திரை! இலங்கை, இந்திய மண்ணின் அப்லோகைலஸ் வம்சத்துக்கே உரிய வெண்பொட்டு. ஆபிரிக்காவில் இதைப் போல எத்தனையோ சிறு மீன்கள் உண்டு. எல்லாம் ஒரே குடும்பம்தான். அவை இளைய தாரத்து மக்கள். நம் கஜேந்திரனி மூத்தாள்! இரு கண்டங்களும் ஒட்டியிருந்த காலத்தில் உலகத்துக்கு மீன் கொடுத்ததே நம் மலைதான் என்று நிரூபிக்கப் போகிறேன்." தோட்டத்துரைமார் கிளப்பின் நூலகத்திலிருந்து வந்து திரும்பிப் போகாத, முதுகு கிழிந்த தடிப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "ஆதாரம்!"

கல்யாண வீட்டில் இந்த மாதிரி ஆட்களை இசபெல் நிறையப் பார்த்திருக்கிறாள். கேட்காமலே பூர்வீகத்தைச் சொல்லுகிறவன் வீட்டில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருக்கும்.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்லை. சமையலுக்கு வரும் லெட்சுமி. வேலி போட்டதில் லயத்து ஆட்களுக்கு ஆத்திரம். நீங்கள் போய் நாலு அதட்டு அதட்டி, அவள் ஒப்புக்கொண்டாள் என்று எழுதிக் கொடுங்கள். மதியத்துக்குள் தீராவிட்டால் பொலிஸ். மெனேஜர் மிலானிடமும் சொல்லிவிட்டேன், அவள் பெயரைத் தோட்டத்தில் வெட்டிவிடுவார்."

பெயரை வெட்டினால் வேலை போகும். வேலை போனால் லயத்து அறையும் நிச்சயமில்லை. அதை இந்த மனிதர் அட்டையில் 'திரு'வை அழிக்கிற அதே அலட்சியத்தோடு சொன்னார்.

வெளியே வந்ததும் சுதாகரன் ஆட்டோவை உதைத்துக் கிளப்பினான். "இவர் ஏன் மிஸ் நம்மளக் கூப்பிட்டாரு? கொழும்புல எத்தனை பெரிய ஆளுங்க இருக்காங்க."

"பெரிய ஆளுங்க கேள்வி கேப்பாங்க. நான் மாப்பிள்ளை பாக்குறவதானே, சொன்னத எழுதிக் குடுப்பேன்னு நினைப்பு."

*

பீலியைச் சுற்றி முள்கம்பி. அதன் முகப்பில் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பலகை: 'கஜேந்திரனி சரணாலயம். அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர். கலாநிதி கஜேந்திரன், தலைவர்.' பலகையின் கதையும் அழைப்பிதழின் கதைதான். பெயருக்கு முன்னால் மட்டும் சுண்ணாம்பை அப்பி, மேலே 'கலாநிதி'யை ஏற்றியிருந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் யாருக்கும் இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பெண்கள் ரோட்டோரக் கான் வாய்க்காலிலிருந்து குடத்தைச் சுமந்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

லெட்சுமி லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு சட்டித் தண்ணீரில் குடும்பத்துப் பாத்திரம் முழுவதையும் கழுவும் வித்தையைச் செய்துகொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் கை நின்றது.

"லெச்சுமி அக்கா, பயப்படாதீங்க. ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்த வீட்டுல இருந்து ஏதாச்சும் எடுத்தீங்களா?"

லெட்சுமியின் முகம் செத்துவிட்டது. பொய் சொல்கிற முகம் இசபெல்லுக்குத் தெரியும். இது அதுவல்ல. எடுத்த முகம்.

"எடுத்தேன் மிஸ்," என்றாள் லெட்சுமி. "ஒரு பொட்டலம் தூளு."

"என்னா தூளு?"

"தேயிலத் தூளுதான். மீன் போத்தல நான் கண்ணால பாத்ததோட சரி. ஆனா தூளு எடுத்தேன். தூளு எடுத்தாத் தோட்டத்துல பேர் வெட்டிருவாங்கன்னு தெரியும். அதான் வாயத் தொறக்கல."

"இருங்க. ஆதியில இருந்து சொல்லுங்க."

"மழைக்கு முந்தி ஒரு நாளு பெரிய தொரை, மெனேஜர்தான், பங்களாவுக்கு வந்தாரு, கூடவே கொழும்பு ஆளுங்க. தேத்தண்ணி போடச் சொன்னாரு எங்கய்யா, பங்களாக்காரரு. டப்பாவப் பாத்தா தூளு முடிஞ்சு போச்சு. தேடுனா, சமையலறை அலுமாரி மேல் தட்டுல பின்னால ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். ஜெர்மனியில இருந்து ஐயாவோட மருமகன் தபால்ல அனுப்புனது. தொறந்தா பழுப்பா, நமத்துப் போய்க் கெடக்கு. நமக்கு இங்க குடுக்குற தூளும் அந்த லச்சணந்தானே? சரின்னு போட்டுட்டேன். சாயம் நல்லா எறங்குச்சு."

"கொழுந்து இங்க, தூளு ஜெர்மனியில இருந்தா?" என்றான் சுதாகரன். "நல்ல தூளெல்லாம் அங்கதானே போவுது. திரும்பி வந்துருச்சுன்னு நினைச்சிருப்பீங்க."

"அப்படித்தான் தம்பி நினைச்சேன்."

"குடிச்சாங்களா?" என்றாள் இசபெல்.

"குடிக்காம? எங்கய்யா ஒரு வாய் வச்சிட்டுக் கண்ண மூடிக்கிட்டாரு. 'ஆகா, இதுவல்லவோ மலையின் மணம்'ன்னாரு. பெரிய தொரை விடுவாரா? 'இது நம்ம தோட்டத்து மேல் டிவிசன் கொழுந்து. வாசனையிலயே சொல்லிருவேன்'ன்னாரு. கொழும்பு ஆளுங்க இன்னொரு கோப்ப கேட்டாங்க. அப்படி என்னா தூளுடான்னு மிச்சத்த மடியில கட்டிக்கிட்டு வந்தேன் மிஸ், பாவி. இங்க போட்டுக் குடுத்தா, எங்க வீட்டுக்காரரு ஒரு வாய் வச்சிட்டு, 'சேறு'ன்னு துப்பிட்டாரு. மீதிய அந்தப் பள்ளத்துல கொட்டிட்டேன்."

"உங்கய்யா பொட்டலத்தத் தேடலையா?"

"வீடு ரெண்டாகுற மாதிரி கத்துனாரு. பூச்சி வச்சிருச்சு, பீலிப் பக்கம் கொட்டிட்டேன்னு சொன்னேன். கத்திக்கிட்டிருந்தவரு அப்படியே அடங்கிட்டாரு. பொறகு மழ வந்து பள்ளம் நெறஞ்சுச்சு. தெனமும் வந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டுப் போவாரு. ஒரு நாளு பாத்தா, செகப்பு வாலோட குட்டிக் குட்டி மீனுங்க."

இசபெல் திரும்பி வேலிக்கு அப்பாலிருந்த பள்ளத்தைப் பார்த்தாள்.

"மீன் வச்ச கண்ணாடி அலுமாரிக்கு நான் போறதே இல்ல மிஸ்," லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூடத்துல எனக்கு உள்ள வேல அந்தப் பொம்மையத் தூசி தட்டுறதுதான். தலை இல்லாம, தொப்பி தோள் மேல விழுந்து கெடக்கும். பேய் மாதிரி. பாத்தாலே பயம். இன்னைக்கு அதையும் தட்ட விடல. கூடத்துப் பக்கம் வராதன்னு விடியக்காலையிலயே வெரட்டிட்டாரு. போத்தலக் காணோம்னு அதுக்குப் பொறகுதான் கத்துனாரு."

"தோள் மேல விழுந்து கெடக்குமா?" என்றான் சுதாகரன் மெதுவாக. பிறகு இசபெல்லைப் பார்த்தான். "மிஸ், காலையில நிமிந்துல்ல நின்னுச்சு?"

இசபெல் ஏற்கெனவே கைத்தொலைபேசியை எடுத்துவிட்டிருந்தாள். கலாநிதி ஷாமிலாவின் எண், பங்களா மேசையிலிருந்து எடுத்து வந்த அழைப்பிதழிலேயே இருந்தது. வட்டகொடையில் பிறந்து, படித்து, வெள்ளை மை தேவைப்படாமல் பட்டம் வாங்கியவள். அப்போது ஹட்டனைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

"டொக்டர், அந்த மீனைக் கையில குடுத்தா முதல்ல எங்க பாப்பீங்க?"

"உச்சந்தலையில," என்றது மறுமுனை. "படத்துல இருக்கிற பொட்டு நிஜமான்னு. பொட்டு இல்லன்னா அது நம்ம ஊர்ச் சொந்தமே இல்ல."

"இன்னொண்ணு. தபால்ல, பிளாஸ்டிக் பொட்டலத்துல, பழுப்பா, ஈரமா ஒரு தூள் வருதுன்னா..."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. பிறகு ஷாமிலா ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். கேட்கக் கேட்க இசபெல்லின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. மாப்பிள்ளையின் 'தங்கச்சி' யாரென்று தெரிந்த அன்றும் அப்படித்தான் கோணியது.

"என்னா மிஸ் சொன்னாங்க?"

"வண்டிய எடு. லெச்சுமி அக்கா, நீங்களும் ஏறுங்க."

*

அவர்கள் திரும்பி வந்தபோது ஷாமிலாவின் வேன் முற்றத்தில் நின்றது. மெனேஜர் மிலானும் வந்துவிட்டார். இளம் வயது, இஸ்திரி மடிப்புக் குலையாத அரைக் கால்சட்டை, பாட்டன் காலத்து வெள்ளைக்காரன் விட்டுப்போன முகபாவம். கஜேந்திரன் நெஞ்சில் கை வைத்து நின்றார்.

"ஒப்புக்கொண்டாளா?"

"ஒப்புக்கிட்டாங்க. அத பொறகு சொல்றேன்," என்ற இசபெல், கயிற்றைத் தாண்டிப் பொம்மையின் அருகே போய்த் தொப்பியின் மேல் கை வைத்தாள்.

"தொடாதீர்கள்! அது புனிதம்! பட்டம்!"

"பட்டத்துக்குக் கீழ என்னா இருக்குன்னு பாக்குறதுதான் சேர் என் தொழிலு."

தொப்பியைத் தூக்கினாள். அங்கியின் கழுத்துப்பட்டைக்குள் சொகுசாக உட்கார்ந்திருந்தது கண்ணாடிப் போத்தல். உள்ளே சின்ன மீன் வாயைப் பிளந்தபடி எல்லோரையும் பார்த்தது.

"அடேங்கப்பா, பொம்மைக்குத் தலை முளைச்சிருச்சு," என்றான் சுதாகரன்.

கஜேந்திரன் ஒரு நொடிதான் தடுமாறினார். அடுத்த நொடி கை லெட்சுமியை நோக்கி நீண்டது. "பார்த்தீர்களா! அந்தத் தொப்பியைத் தினமும் தொடுகிறவள் யார்? இவள்தான்! திருடி இங்கேயே ஒளித்திருக்கிறாள், பிறகு எடுத்துப் போக! மிலான், பொலிஸுக்குச் சொல்லுங்கள்!"

மிலான் தலையாட்டினார். "லொஜிக் சரியா இருக்கு மிஸ். வேற யாரும் தொப்பியத் தொடுறதில்லையே."

லெட்சுமி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கண்டுபிடித்த போத்தலே அவள் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. இசபெல் அவசரப்படவில்லை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"டொக்டர், உச்சந்தலையப் பாருங்க."

ஷாமிலா குனிந்து பார்த்தாள். "பொட்டு இல்ல. மொட்டை."

"அவள் அழித்துவிட்டாள்!" என்று அலறினார் கஜேந்திரன். "குல முத்திரையைச் சுரண்டிவிட்டாள்!"

"எப்படிங்க சேர்? அரக்கு அப்படியே இருக்கு. உங்க மோதிர முத்திரையும் முழுசா இருக்கு. போத்தலுக்குள்ள நொழைஞ்சு சொரண்டிட்டு, உள்ள இருந்தே பூட்டிட்டு வந்தாங்களா?" இசபெல் போத்தலை லேசாகச் சாய்த்தாள். அடியில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக ஒரு செதில் உருண்டது. "இதோ குல முத்திரை. ஸ்பிரிட்டுல ஊறிக் கழண்டு விழுந்திருக்கு. பொறந்தப்பவே வந்த பொட்டு கழண்டு விழாது. அழைப்பிதழ்ல 'திரு'வ மறைச்ச வெள்ளை மைதான் விழும்."

மிலான் கஜேந்திரனின் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளை ஒட்டியிருந்தது. விரல் மெல்ல வேட்டி மடிப்புக்குள் போனது.

"இன்னொண்ணு தொரை," என்றாள் இசபெல். "வேலி மேல ஆத்திரம் உள்ளவங்க கையில இது கெடைச்சிருந்தா ரோட்டுல போட்டு ஒடைச்சிருப்பாங்க. பட்டுத்துணிக்குள்ள உக்கார வச்சு, மேல பட்டத்தையும் சூட்டியிருக்க மாட்டாங்க. ஒடைக்கவும் மனசில்லாம, காட்டவும் முடியாம முழிச்சவருதான் ஒளிச்சாரு. காலையில அலுமாரியத் தொறந்து பாத்தாரு, பொட்டக் காணோம். மத்தியானம் டொக்டர் வருவாங்க. பொட்டு காணாமப் போச்சுன்னு சொல்ல முடியாது. போத்தல் காணாமப் போச்சுன்னு சொல்லலாம்."

"பொட்டு இல்லாவிட்டால் என்ன?" கஜேந்திரன் கிளப்பின் புத்தகத்தைக் கேடயம் போலப் பிடித்தார். "ஆபிரிக்காவோ ஆசியாவோ, ஒரே குடும்பம்! அச்சிலேயே இருக்கிறது!"

ஷாமிலா புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது அச்சானப்போ எல்லாரும் கூட்டுக் குடும்பந்தான் சேர். அதுக்குப் பொறகு எலும்பையும் மரபணுவையும் பாத்து பாகப்பிரிவினை ஆயிருச்சு. நம்ம ஊர்ல இருக்கிறதும், இந்தியாவுல இருக்கிறதும், மடகாஸ்கர், சீஷெல்ஸ் பக்கத்து ஆளுங்களும் ஒரு வீடு. ஆபிரிக்கக் கண்டத்து ஆளுங்க தனி வீடு, தனி அடுப்பு. உங்களுக்குத் தகவல் வரல போல."

"அப்ப ரெண்டும் சொந்தமே இல்லையா?" என்றார் மிலான்.

"தூரத்துப் பங்காளி."

"கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்புற தூரம்," என்றாள் இசபெல். "வந்து மூத்தாள்னு மணவறையில உக்காருற தூரமில்ல."

"நம்ம ஊர் மீனு ஒல்லி. தண்ணி மேலயே நீந்தும், முதுகுத் துடுப்பு வாலுக்கிட்டச் சின்னதா இருக்கும்," ஷாமிலா போத்தலைத் திருப்பினாள். "இது குண்டு. துடுப்பு விசிறி மாதிரி பெருசு. நொத்தோபிராங்கியஸ். கிழக்கு ஆபிரிக்காவுல மழைக்கு நெறையிற குட்டையில வாழுற கூட்டம். குட்டை வத்துனா மீன் செத்துரும். முட்டை சேத்துக்குள்ள உயிரோட கெடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால மீன் வளக்குறவங்க அந்த முட்டைய ஈரமான மக்குன தூள்ல கலந்து பொட்டலம் கட்டி, எந்த நாட்டுக்கும் தபால்ல அனுப்பிருவாங்க. ஜெர்மனியில இருந்துகூட வரும்."

கஜேந்திரனின் கன்னங்கள் உப்பின. ஊத எதுவும் இல்லை.

"பாக்க எப்படி இருக்கும் டொக்டர், அந்தப் பொட்டலம்?" என்றாள் இசபெல் அப்பாவியாக.

"பழுப்பா இருக்கும். நமத்துப் போன தேயிலைத் தூள் மாதிரி."

"லெச்சுமி அக்கா ஒப்புக்கிட்டாங்கன்னு சொன்னேனே சேர், அது இதுதான். அந்த மேல் தட்டுப் பொட்டலம். மீதியத்தான் அவங்க பள்ளத்துல கொட்டுனாங்க. பாதி அதுக்கு முன்னாலயே செலவாயிருச்சு. தொரை வந்த அன்னைக்கு."

மிலானின் கை தானாகவே வயிற்றுக்குப் போனது.

"அன்னைக்கு... நாங்க குடிச்சது..."

"இதுவல்லவோ மலையின் மணம்," என்றான் சுதாகரன் கண்களை மூடி.

"அதுல முட்டை இருந்துச்சா?"

"நெறைய இருக்கும்," என்றாள் ஷாமிலா.

"வாசனையிலயே கண்டுபிடிச்சீங்களே தொரை, மேல் டிவிசன்னு. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. டிவிசன் கொஞ்சம் தள்ளி இருக்கு, ஆபிரிக்காவுல," என்றான் சுதாகரன்.

கஜேந்திரன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கண்டுபிடித்தவர், பெயர் வைத்தவர், பொட்டு வைத்தவர் எல்லாம் ஒருவரே என்பது வரை தாங்கிக்கொண்டார். கஜேந்திரனியைக் காய்ச்சிக் குடித்தவரும் தாமே என்பதுதான் அவரைச் சாய்த்தது.

கீழே வளைவில் பத்திரிகைக்காரர்களின் வேன் ஹோர்ன் அடித்தது.

"லெச்சுமி... கொஞ்சம் தண்ணி," என்றார் மிலான். முகம் வெளிறியிருந்தது. "பச்சத் தண்ணி."

லெட்சுமி சுவரை விட்டு அசையவில்லை. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. "இல்லீங்களே தொரை. இங்க குடிக்கிறதும் பீலித் தண்ணிதான், நான்தான் அள்ளிக்கிட்டு வருவேன். பீலிக்குத்தான் வேலி போட்டிருக்கே. அடுப்புல கொஞ்சம் சுடுதண்ணி மிச்சம் இருக்கு, தேத்தண்ணி வேணும்னா போடுறேன். அன்னைக்குப் போட்ட மாதிரியே."

மிலான் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"தொரை," என்றாள் இசபெல், "இப்ப வர்றவங்களுக்கு ஏதாச்சும் செய்தி குடுக்கணும். தேயிலைக் கம்பெனி மெனேஜர் மேல் டிவிசன் வாசனை கண்டுபிடிச்ச கதைய லெச்சுமி அக்கா அழகாச் சொல்லுவாங்க. இல்லன்னா, லயத்து ஆளுங்களுக்குப் பீலியத் திருப்பிக் குடுத்த மெனேஜர்னு நான் சொல்லுவேன். எது வேணும்?"

மிலான் வாசலுக்கே ஓடினார். கங்காணியைக் கூப்பிட்ட குரலில் வெள்ளைக்காரன் இல்லை, பாட்டனும் இல்லை. "வேலியப் புடுங்குங்க! இப்பவே! லெச்சுமி பேர யாரும் வெட்டக்கூடாது!"

பத்திரிகைக்காரர்களைச் சுதாகரன் வாசலிலேயே மறித்துக்கொண்டான். "நிச்சயதார்த்தம் நின்னுருச்சு சேர். பொண்ணுக்கு ஆபிரிக்காவுல ஏற்கெனவே குடும்பம் இருக்கு."

*

பொழுது சாய்வதற்குள் முள்கம்பி சுருண்டு மேட்டோரம் கிடந்தது. பீலியடியில் குடங்கள் ஒன்றையொன்று இடித்தன; சிரிப்பும் வசவும் கலந்து கேட்டன. இத்தனை நாள் ஆளில்லாமல் ஊறிய சேறு வழுக்குகிறதென்று யாரோ சரணாலயப் பலகையைப் பிடுங்கிச் சேற்றின் மேல் படுக்கப் போட்டிருந்தார்கள், எழுத்து மேலே தெரிய.

லெட்சுமி அதன் மேல் ஏறி நின்று கால் கழுவினாள். பித்த வெடிப்பைப் பலகையில் தேய்க்கத் தேய்க்கச் சுண்ணாம்பு பாலாகக் கரைந்து ஓடியது. 'கலாநிதி' முதலில் கால் இழந்தார், பிறகு கை, பிறகு மொத்தமாகப் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அடியிலிருந்து 'திரு' பழைய கறுப்புச் சாயத்தில் பளிச்சென்று வெளியே வந்தது.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் இசபெல் ஆட்டோவிலிருந்தபடி.

"நல்ல பலகை மிஸ். வழுக்கவே இல்ல," என்றாள் லெட்சுமி, நிறைந்த குடத்தைத் 'திரு'வின் மேல் இறக்கி வைத்தபடி.